டச்சு கிராமத்தில் வாடகை வீடு: என் அனுபவம்

நெதர்லாந்தின் ட்ரெந்தே மாகாணத்தில் ஒரு சின்ன கிராமத்தில் வீடு பிடித்தேன். இருட்டினால் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது, பஸ் என்றால் தன்னார்வலர்கள் ஓட்டும் எட்டு இருக்கை வேன்தான்.

வீட்டுக்காரர் மூன்று மாத அட்வான்ஸ் கேட்டார். 2023 ஜூலை 1 முதல் போடும் ஒப்பந்தங்களில் அடிப்படை வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம் (சென்னையில் பத்து மாதம் கொடுத்துப் பழகிய நமக்கு இதுவே சொர்க்கம்). வாக்குவாதம் செய்யாமல் அரசு இணையதளப் பக்கத்தை அனுப்பினேன், குறைத்துவிட்டார்.

அடுத்த தலைவலி தரை. இங்கே பல வாடகை வீடுகள் மொட்டையாகத்தான் கிடைக்கும்: வெறும் சிமெண்ட் தரை, ஜன்னலுக்குத் திரை இல்லை, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வயர் மட்டும் தொங்கும். காலி செய்பவர் தான் போட்ட லேமினேட் தரைப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு போவதும் சகஜம். அதனால் சாவி கைமாறும் முன்பே பழைய குடித்தனக்காரரிடம் தரையையும் திரைகளையும் விலை பேசி வாங்கினேன், அதையும் எழுத்தில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு. அது இல்லையென்றால் நாம் கிளம்பும்போது எல்லாவற்றையும் பெயர்த்தெடுக்கும் வேலை நம் தலையில் விழலாம்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று விடுமுறைப் பூங்கா வீடுகளுக்கு (சுற்றுலா வருபவர்கள் தங்குவதற்கென்று கட்டியவை) போகாதீர்கள், அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை.