இன்டோர் ஃபுட்பால் டீமோட முதல் சீசன்: கோட்டை விடுற இடங்கள்

முதல்லயே சொல்லிடறேன், இது காலால உதைச்சு ஆடுற ஃபுட்பால் இல்ல. அமெரிக்கால ஹெல்மெட் போட்டுக்கிட்டு மோதுவாங்களே அது, அதையே ஐஸ் ஹாக்கி அரங்குக்குள்ள ஆடுறாங்க. 1981ல மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல இன்டோர் சாக்கர் மேட்ச் பாத்துட்டிருந்த ஜிம் ஃபாஸ்டர்ங்கிறவர் ஒரு கவர் மேல கிறுக்கி வெச்ச ஐடியா, 1987ல நாலே டீமோட அரீனா ஃபுட்பால் லீக்கா ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் சின்னச் சின்ன லீக் எத்தனையோ வந்துச்சு போச்சு, முதல் சீசனையே முடிக்காம காணாம போன டீமும் ஏகப்பட்டது. என்னைக் கேட்டா அதுல பாதி டீம் ஆட்டத்துல தோத்ததால போகல, எதுல இறங்குறோம்னே புரியாம இறங்கினதால போச்சு.

வெளி கிரவுண்டுல ஆடுறதையே சுருக்கி ஆடினா போதும்னு நினைக்கிற கோச்சுங்க இருக்காங்க. வெளில 100 யார்டு நீளம், 160 அடி அகலம், டீமுக்கு 11 பேர். உள்ள 50 யார்டு, 85 அடி, 8 பேர். ஓரத்துல கோடு இருக்க வேண்டிய இடத்துல மெத்தை வெச்ச சுவர் நிக்குது, எப்பவும் போல ஓரமா ஓடி கோட்டுக்கு வெளில போயிக்கலாம்னு போறவனை அந்த சுவரோட சேத்து அப்பிடுவாங்க.

அப்புறம் வலை. அரீனா ரூல்ல கோல் போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு இறுக்கிக் கட்டியிருப்பாங்க. பாயின்ட்டுக்காக போஸ்ட்டுக்கு நடுவுல அனுப்பப் பாத்து உதைச்ச கிக் தவறி வலைல பட்டு திரும்பி வந்தா ஆட்டம் நிக்காது, யார் புடிக்கிறாங்களோ அவங்க ஓடலாம். புதுசா வந்த பையன் கிக் போகலன்னு தெரிஞ்சதும் இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிப்பான், அதுக்குள்ள பின்னாடி நின்ன எதிர் டீம்காரன் வலைல பட்டு வந்த பந்தை அப்படியே வாங்கிக்கிட்டு பாதி கிரவுண்டு தாண்டியிருப்பான். இதுல இன்னொரு சிக்கல், எல்லா லீக்லயும் வலை கிடையாது, அதுக்கு ரொம்ப வருஷம் பேட்டன்ட் இருந்ததால மத்த லீக்கெல்லாம் வலை இல்லாமயே ஆடிப் பழகிடுச்சு. அதனால யூடியூப்ல பாத்த மேட்ச்சை வெச்சு பிளான் போடாதீங்க, உங்க லீக் ரூல் புக்கை படிங்க.

கிக் அடிக்கிறதுக்குன்னே வெச்சிருக்குற கிக்கரை கடைசில, மிச்சம் இருக்குற காசுல எடுக்குறதுதான் எனக்கு புரியவே புரியாத தப்பு. அமெரிக்காவோட பெரிய வெளி கிரவுண்டு லீக்கான என்எஃப்எல்ல போஸ்ட்டுக்கு நடுவுல பதினெட்டரை அடி இருக்கும், அரீனால 9 அடிதான், குறுக்குக் கம்பியும் 10 அடிக்கு பதிலா 15 அடி உயரத்துல. ரெண்டு டீமும் ஐம்பது பாயின்ட் கிட்ட அடிக்கிற ஆட்டத்துல டச் டவுனுக்கு (எதிர் டீமோட கடைசிக் கோட்டைத் தாண்டி பந்தைக் கொண்டு போறது) அப்புறம் கிக்ல வர்ற ஒத்த பாயின்ட்டை ரெண்டு தடவை கோட்டை விட்டா மேட்ச்சே கைய விட்டு போயிடும். பண்ட் அடிக்கவும், அதாவது பந்தை தூரமா உதைச்சு எதிர் டீம்கிட்ட விட்டுடவும் அனுமதி இல்ல, அதனால நாலாவது டவுன்லயும், அதாவது கடைசி முயற்சிலயும், பாதி நேரம் கிக்கர் கால்தான் கதி.

கடிகாரமும் அப்படித்தான், ஒவ்வொரு பாதியோட கடைசி நிமிஷம் தவிர பெரும்பாலும் நிக்காம ஓடும். பாதி முடியுற நேரத்துல அவசரப்பட்டு டச் டவுன் போட்டுட்டு எதிராளிக்கு நாப்பது செகண்டை விட்டுக் கொடுக்காதீங்க, இந்த சைஸ் கிரவுண்டுல நாப்பது செகண்ட் தாராளம்.

இப்ப காசு. பிளேயர் சம்பளத்தை மட்டும் கூட்டிப் பாத்துட்டு இவ்ளோதானான்னு டீம் ஆரம்பிச்சிடறாங்க. வேலைல அடிபடுற பிளேயருக்காக டீம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு பாருங்க, ஒவ்வொரு வாரமும் ஆள் மேல ஆள் மோதுற தொழிலுக்கு அதோட பிரீமியம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதை ஒரு மாசம் கட்டாம விட்டா அடுத்த மேட்ச்சே நடக்காது.

எல்லா டீமும் கடைசி வரைக்கும் இருக்கும்னு நம்பி டிக்கெட் விக்கிறதும் ஆபத்து. 2024ல திரும்ப வந்த அரீனா ஃபுட்பால் லீக் 16 டீமோட ஆரம்பிச்சு, கொஞ்ச வாரத்துலயே ஒண்ணொண்ணா கழண்டுச்சு. உங்க ஹோம் மேட்ச்சுக்கு வர வேண்டிய டீம் வரலன்னா அரங்கு வாடகையும் விளம்பரக் காசும் போனதுதான், டிக்கெட் காசையும் திருப்பிக் கொடுக்கணும். பஸ்ல வர்ற தூரத்துல இருக்குற ரெண்டு மூணு டீம்கிட்ட முன்னாடியே பேசி வைங்க, அரங்கு கான்ட்ராக்ட்ல தேதி மாத்திக்க ஒரு வழியையும் எழுதி வாங்குங்க. அரங்குக்காரங்களுக்கு ஹாக்கியும் கச்சேரியும்தான் முக்கியம், நல்ல சனிக்கிழமையெல்லாம் அதுக்கு போக மிச்சம்தான் உங்களுக்கு.

ஆளெடுக்கும்போது எல்லாரும் கர்ட் வார்னர் கதையை சொல்லுவாங்க, அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ்ங்கிற அரீனா டீம்ல மூணு சீசன் ஆடிட்டு போய் என்எஃப்எல் ஃபைனலான சூப்பர் பவுல் ஜெயிச்சவர். கதை உண்மைதான், ஆனா அந்த மாதிரி போனவங்க ரொம்ப கொஞ்சம். அதை நம்பி வந்த பையன் நாலு வாரத்துல பையைத் தூக்கிட்டு கிளம்பிடுவான்.

தரை விஷயம் ஒண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. செயற்கைப் புல்லு ரோல் ரோலா வரும், மூடிப்போன டீம்கிட்ட மலிவா கெடைக்குதுன்னு அளவு பாக்காம வாங்காதீங்க, ஹாக்கி அரங்கோட மூலை வளைவு இடத்துக்கு இடம் மாறும். முதல் மேட்ச்சுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது ஒரு தடவை முழுசா விரிச்சுப் பாத்து, எந்த ரோல் எங்க வருதுன்னு பின்பக்கம் நம்பர் எழுதி வைங்க, ஏன்னா அடுத்த தடவை ராத்திரி ஹாக்கி முடிஞ்ச அப்புறம்தான் விரிக்க விடுவாங்க.