கிரானைட் மேசையில் கோடு எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கோடு (code) எழுதுபவர்கள் பலருக்கு மேசை என்றால் சுவரில் பதித்த கிரானைட் பலகைதான். ஆடாது, கரையான் அரிக்காது. ஆனால் மரத்தை இழைத்துக் குறைப்பதுபோல அதைக் குறைக்க முடியாது. கைதான் வளைந்து கொடுக்கும்.

கை மரத்துப்போனால் முதலில் எந்த விரல் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் என்றால் சந்தேகம் முழங்கை மேல்: கல்லில் ஊன்றிக்கொண்டு போன் பார்ப்பது, வெகுநேரம் மடக்கியே வைத்திருப்பது. இது தெரியாமல் மணிக்கட்டுப் பட்டை வாங்கி மாட்டினால் காசுதான் வீண். இரவில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தாலோ, கையில் பிடித்த டம்ளர் நழுவினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுத்து உயரம். நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கித் தரையிலிருந்து டேப் பிடியுங்கள். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறக்குறைய 25 முதல் 27 அங்குலம் வரும். கொத்தனார் பதித்த கல்லோ 30 அங்குலத்தில் இருக்கும். அந்த மூன்று முதல் ஐந்து அங்குலத்தைத் தோள் தூக்கிச் சமாளிக்கும். கழுத்து வலி அங்கேதான் தொடங்குகிறது. நாற்காலியை ஏற்றுங்கள். கால் தொங்கும், அதனால் ஏற்றிய அளவுக்கே காலடியில் ஒரு பலகை. கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். லேப்டாப்பை உயர்த்தித் திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், தட்டுவதற்குத் தனி கீபோர்டு. பைஃபோகல் கண்ணாடிக்காரர்கள் திரையைச் சற்று இறக்கிக்கொள்ளலாம். கல்லின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பாலிஷ் போடுபவரிடம் ஹாஃப் ரவுண்டாக உருட்டித் தரச் சொல்லுங்கள். விலை உயர்ந்த நாற்காலியெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இடையிடையே எழுந்து நடக்க நினைவூட்டல் வேண்டுமென்று, நம் ஆட்கள் உடனே கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி, cron) ஒரு வரி போடுவார்கள். இரண்டு இடத்தில் சறுக்கும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை என்று 'ஸ்டார் ஸ்லாஷ் 25' (*/25) எழுதினால் அது 0, 25, 50 ஆகிய நிமிடங்களில் ஓடி, பத்தே நிமிடத்தில் மறுபடி 0-வில் அடிக்கும். அறுபதை மீதியின்றி வகுக்கும் 20 அல்லது 30 போடுங்கள். இன்னொன்று, கிரானிலிருந்து கிளம்பும் நோட்டிஃபை-சென்ட் (திரையில் அறிவிப்பு காட்டும் கட்டளை) பல லினக்ஸ் கணினிகளில் திரைக்கே வராது. டெஸ்க்டாப் செஷனின் டிபஸ் (புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் தடம்) முகவரி கிரானுக்குத் தெரியாததே காரணம். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் (systemd) யூசர் டைமர் போட்டால் இந்தத் தலைவலி இல்லை. மணி அடித்ததும் ஜன்னல் வழியே 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள். கிருஷ்ணகிரி டவுனில் கோட்டை மலை தெரிகிற வீடு என்றால் கொடுத்து வைத்தவர்.

இத்தனையும் செய்தும் முதுகும் முழங்காலும் விறைப்பாகவே இருந்தால், பழியை நாற்காலி மேல் போடும் முன் குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள். இந்த இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அது பல வருடம் உடலில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. அந்த எண் குறைவு என்று நிம்மதி அடைய வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கக் கேளுங்கள். பக்கத்து வீட்டு ரிப்போர்ட் உதவாது. ஒரே தெருவில் இரண்டு போர்களுக்கு அளவு வேறாக இருக்கும்.