வகையிடல்: சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கணக்கு

நுண்கணிதம் என்றதும் பலர் சூத்திரப் பட்டியலை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதை ஒரு நாள் தள்ளிவையுங்கள். ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு இந்த ஒரே கணக்கைப் போட்டுப் பாருங்கள், வகைக்கெழு (ஒரு கணத்தில் ஒன்று மாறும் வீதம்) என்றால் என்ன என்பது முழுக்க இதற்குள் இருக்கிறது.

படி 1: கேள்வி

உயரத்திலிருந்து ஒரு கல்லை விடுகிறோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், அது விழும் தூரம் 4.9 × நேரம்² மீட்டர், நேரம் விநாடியில். 2 விநாடியில் 19.6 மீட்டர். சரி, 2 விநாடி ஆகும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? தூரத்தை நேரத்தால் வகுக்கலாம் என்றால், ஒரு கணத்துக்குள் கல் நகரும் தூரமும் 0, ஆகும் நேரமும் 0. கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

படி 2: இடைவெளியைக் குறையுங்கள்

2-லிருந்து 3 விநாடி வரை கல் விழுவது 44.1 − 19.6 = 24.5 மீட்டர், அதாவது சராசரி வேகம் விநாடிக்கு 24.5 மீட்டர். 2-லிருந்து 2.1 வரை போட்டால் 20.09. 2.01 வரை 19.649. 2.001 வரை 19.6049. இதைப் படித்துவிட்டு நகராமல் நீங்களே போடுங்கள், எண்கள் 19.6-ஐ நெருங்குவதைக் கண்ணால் பார்ப்பதுதான் முக்கியம்.

படி 3: இயற்கணிதம்

இடைவெளியை 'இ' என்று வைப்போம் (புத்தகங்களில் பெரும்பாலும் எச் என்று இருக்கும்). (2 + இ)² − 2² = 4இ + இ². இதை 'இ'-ஆல் வகுத்தால் 4 + இ, 4.9-ஆல் பெருக்கினால் 19.6 + 4.9இ. படி 2-இன் எல்லா விடைகளும் இந்த ஒரு வரியிலேயே வந்துவிடும். 'இ' சுருங்கச் சுருங்க மிஞ்சுவது 19.6. அதுதான் எல்லை, அந்தக் கணத்தின் வேகமும் அதுவே. இப்படிக் கிடைக்கும் எல்லைக்குத்தான் வகைக்கெழு என்று பெயர், அதைக் கண்டுபிடிப்பதுதான் வகையிடல்.

இங்கே ஒரு சந்தேகம் வந்தால் நல்லது: முதலில் 0 இல்லை என்று சொல்லி 'இ'-ஆல் வகுத்துவிட்டு, அப்புறம் அதையே 0 ஆக்கலாமா? 1734-இல் ஜார்ஜ் பெர்க்லி என்ற பாதிரியார் நியூட்டனின் முறையைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டார், கேட்டதில் நியாயமும் இருந்தது. நாம் 'இ'-ஐ 0 ஆக்கவே இல்லை, எந்த எண்ணை வேண்டிய அளவுக்கு நெருங்க முடிகிறது என்றுதான் பார்க்கிறோம். 1821-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷியின் பாடநூல் எல்லை என்ற இந்தக் கருத்தை அடித்தளமாக வைத்தது.

படி 4: எந்த நேரத்துக்கும்

2-க்குப் பதில் 'நே' என்று போட்டு அதே வேலையைச் செய்தால் 4.9 × 2நே, அதாவது 9.8 × நே வரும். 3 விநாடி ஆகும் கணத்தில் 29.4. நே²-இன் வகைக்கெழு 2நே என்ற சூத்திரம் இதிலிருந்து வந்ததுதான்.

அடுத்து நே³-க்கு இதையே செய்யுங்கள். நே = 2 என்றால் (2 + இ)³ − 8 = 12இ + 6இ² + இ³; விடை 12 வர வேண்டும்.