கண்ணில் மின்னல், பூச்சி, நிழல்: விழித்திரை விலகலில் நாட்களைத் தொலைக்கும் தவறுகள்

வலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவோம். விழித்திரை விலகலில் வலி கிடையாது. கண் சிவக்காது, பீளை கட்டாது, நீர் வடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. அதனாலேயே இந்த நோயில் பார்வையை இழக்கும் பலர், ஆபரேஷன் சரியாக நடக்காமல் இழப்பதில்லை. ஆபரேஷன் டேபிளுக்கு வந்து சேர்வதற்குள் நாட்கள் கடந்துவிட்டதால் இழக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் அந்த நாட்கள் எங்கெங்கே தொலைகின்றன என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

கண்ணின் பின்பக்க உள்சுவரில் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு நரம்புப் படலம் ஒட்டியிருக்கிறது. அதுதான் விழித்திரை. ஆஸ்பத்திரியில் ரெட்டினா என்பார்கள், ஊரில் பொதுவாகக் 'கண் நரம்பு' என்பார்கள். கண்ணின் நடுவே ஏறத்தாழ 4 மில்லி அளவுக்கு ஜெல் நிறைந்திருக்கிறது. வயதாக ஆக இந்த ஜெல் இளகிச் சுருங்கி, விழித்திரையிலிருந்து தானாகவே கழன்றுகொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிலருக்கு மட்டும் கழலும்போது ஒட்டியிருந்த இடத்தை இழுத்துக் கிழித்துவிடும். மண்சுவரில் விரிசல் வழியே மழைத்தண்ணீர் இறங்கினால் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக் கழன்று வருமே, அதுபோலக் கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்து விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரிலிருந்து பிரித்துவிடும். பிரிந்த பகுதிக்குப் பின்னாலிருந்து வரவேண்டிய ஊட்டம் நின்றுபோகும். ஒளியை உணரும் செல்கள் சாகத் தொடங்கும்.

ஓர் ஆண்டில் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிற நோய் இது. ஆனால் மைனஸ் 6-க்கு மேல் பவர் உள்ளவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கண்ணில் பலமாக அடிபட்டவர்கள், வீட்டில் யாருக்காவது இது வந்திருப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். எருது விடும் விழாவில் முகத்தில் இடி வாங்கியவர், கிரிக்கெட் பந்து கண்ணில் பட்ட பையன், கல் குவாரியில் சில்லு தெறித்தவர் எல்லோரும் இதில் சேர்த்தி. அடிபட்ட அன்றைக்கே பார்வை போக வேண்டும் என்றில்லை. வாரங்கள், மாதங்கள் கழித்தும் விலகலாம். வீக்கம் வடிந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல், உள்ளே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

'சூடு', 'புரை' என்று நாமே முடிவு கட்டுவது

முதல் அறிகுறி பெரும்பாலும் இருட்டில்தான் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும்போது கண் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல் வெட்டும். அடுத்து கொசு பறப்பது போல, நூல் மிதப்பது போல, புகை தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். 'பூச்சி பறக்குது' என்று சொல்வது இதைத்தான். வருடக்கணக்காக ஒன்றிரண்டு பூச்சி பறந்துகொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். திடீரென்று புதிதாக நிறைய வந்தால், அதுவும் மின்னலோடு சேர்ந்து வந்தால், அப்படி வருபவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ விழித்திரையில் கிழிசல் இருக்கும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் லேசர் போட்டோ, கடுங்குளிரால் உறையவைத்தோ கிழிசலைச் சுற்றி வடு உண்டாக்கி அடைத்துவிடலாம். பெரும்பாலும் சில நிமிட வேலைதான், அன்றைக்கே வீடு திரும்பலாம். பெரிய ஆபரேஷனைத் தவிர்க்கிற ஒரே வாய்ப்பு அந்தச் சில நாட்கள்தான்.

நம் வீடுகளில் அந்த நாட்கள் 'உடம்புச் சூடு' என்பதற்குப் போய்விடுகின்றன. விளக்கெண்ணெய் வைப்பது, நந்தியாவட்டைச் சாறு விடுவது, தாய்ப்பால் பீய்ச்சுவது. கண்ணின் மேல் விடும் எதுவும் பின்சுவரில் உள்ள கிழிசலை அடைக்காது. கிருமித் தொற்று வேறு வரலாம்.

வயதானவர்களுக்கு வரும்போது நடக்கிற தவறு இன்னும் பெரியது. பாலக்கோடு பக்கம் அறுபத்தைந்து வயதான ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வலது கண்ணு மங்கலா இருக்குடா" என்கிறார். மகன் "புரைதாம்மா, முகாம் போடும்போது போய்க்கலாம்" என்கிறான். புரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மங்கும். பார்வை முழுக்கப் பனி படர்ந்ததுபோல் இருக்கும். விழித்திரை விலகல் ஓர் ஓரத்திலிருந்து கறுப்பு நிழலாகத் தொடங்கி, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ நடுவை நோக்கி ஏறும். மேலிருந்து இறங்கலாம், கீழிருந்து ஏறலாம், மூக்குப் பக்கமிருந்தும் வரலாம். "எப்போதிலிருந்து?" என்ற கேள்விக்கு "திங்கள்கிழமையிலிருந்து" என்று ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால், அது புரையாக இருக்க வாய்ப்பு குறைவு. முகாமுக்குக் காத்திருக்கக் கூடாது.

புரை ஆபரேஷன் ஏற்கெனவே முடித்தவர்கள் செய்கிற தவறு இதற்கு நேர் எதிர். லென்ஸ் வைத்தாயிற்று, இனி கண்ணில் என்ன வரப்போகிறது என்று நினைப்பார்கள். அதேபோல லேசிக் செய்து கண்ணாடியைக் கழற்றிய இளைஞர்கள். லேசிக் கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது. மைனஸ் பவர்காரர்களின் கண் நீளமாகவும் விழித்திரை இழுபட்டு மெலிந்தும் இருக்கும். கண்ணாடி போனாலும் அந்த நீளம் போகாது, ஆபத்தும் போகாது.

இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு 'நல்லாத்தான் தெரியுது' என்பது

ஒரு கண்ணில் பாதிப் பார்வை போனாலும் மற்றக் கண் ஈடுகட்டிவிடும். வண்டி ஓட்டுவோம், டிவி பார்ப்போம், ஒன்றும் தெரியாது. தற்செயலாக ஒரு கண்ணில் தூசி விழுந்து கசக்கும்போதுதான் மற்றக் கண்ணில் பாதி இருட்டு என்று தெரிந்து பதறுவார்கள். வீட்டில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் போதும். கண்ணாடி போடுபவர் போட்டுக்கொண்டே, ஒரு கையால் ஒரு கண்ணை அழுத்தாமல் மூடி, காலண்டரில் உள்ள தேதியின் நடுவையே பாருங்கள். நான்கு மூலையும் தெரிகிறதா, ஏதாவது மூலை மறைந்திருக்கிறதா, கோடு வளைந்திருக்கிறதா? அடுத்த கண். அரை நிமிடம்கூட ஆகாது. எல்லாம் தெரிந்தாலும், மின்னலும் புதுப் பூச்சியும் இருந்தால் கண் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். கிழிசல் மட்டும் இருக்கும்போது காலண்டர் முழுசாகவே தெரியும்.

தப்பான வாசலில் நிற்பது

நிழல் தெரிந்ததும் பலர் முதலில் போவது கண்ணாடிக் கடைக்கு. பவர் மாறியிருக்கும் என்று புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு, அது வந்து சேர நான்கு நாள் காத்திருப்பார்கள். இல்லையென்றால் மெடிக்கலில் சொட்டு மருந்து. கண் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவே உள்ள கறுப்பு வட்டத்தை, விரிக்கும் மருந்து விட்டு, தலையில் மாட்டிய விளக்கோடு டாக்டர் கண்ணின் ஓரம் வரை பார்த்தால்தான் கிழிசல் தெரியும். மருந்து விடாமல் டார்ச் அடித்துப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால் அது பரிசோதனை முடிந்ததாக ஆகாது.

அந்தச் சொட்டு விட்டால் நான்கைந்து மணி நேரம் பார்வை கலங்கும், வெயில் கூசும். 'வண்டியில் வந்திருக்கிறேன், இன்னொரு நாள் விட்டுக்கொள்கிறேன்' என்று மறுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மறுக்காதீர்கள். பஸ்ஸில் போங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

அப்புறம், எல்லாக் கண் ஆஸ்பத்திரியிலும் ரெட்டினா ஆபரேஷன் நடக்காது. புரை ஆபரேஷன் நன்றாகச் செய்யும் இடத்தில்கூட ரெட்டினா டாக்டர் இல்லாமலிருக்கலாம், வாரத்தில் ஒருநாள் மட்டும் வரலாம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் கிளம்புவதற்கு முன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: ரெட்டினா டாக்டர் இன்றைக்கு இருக்கிறாரா, அங்கேயே ஆபரேஷன் செய்வார்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவில் காட்டி, மேல்சிகிச்சைக்குச் சேலமா, பெங்களூரா, சென்னையா என்று அன்றைக்கே சீட்டு வாங்கிவிடலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இயங்கி வருகிறது; காசில்லை என்று யாரும் கண்ணை விட்டுவிட வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். பெங்களூரு போகிறவர்கள் அது அங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைச் சீட்டும் வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆபரேஷன் என்றதும் தாமாகவே அதை நிறுத்திவிடக் கூடாது.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், விழித்திரையின் நடுவில் மாக்குலா என்ற சிறு புள்ளி இருக்கிறது. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான். நிழல் நடுவைத் தொடுவதற்கு முன் ஆபரேஷன் நடந்தால் பார்வை பெரும்பாலும் பழையபடியே காப்பாற்றப்படும். அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நாளுக்குள், அல்லது முடிந்த அளவு சீக்கிரம், செய்யப் பார்ப்பார்கள். நடு விலகிவிட்டாலும் சில நாட்களுக்குள் செய்தால் ஓரளவு திரும்பும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் உள்ளே வடு நார்கள் வளர்ந்து விழித்திரையைச் சுருட்டிவிடும். அறுவடை முடியட்டும், மாங்காய் சீசன் முடியட்டும், காது குத்து முடியட்டும் என்று தள்ளிப்போடும் நோயல்ல இது.

ஆபரேஷனைப் பற்றித் தெரியாமல் பயப்படுவது

நூறு வருடத்துக்கு முன் இந்த நோய் வந்தால் இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கையில் போடுவதைத் தவிரப் பெரிதாக வழி இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனான், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் விழித்திரை ஒட்டும் என்று 1920-களில் நிரூபித்தார். இன்றைக்கு எந்த முறையில் செய்தாலும் அடிப்படை அதுதான்.

கண்ணின் வெண்படலத்துக்கு மேல் சிலிக்கான் பட்டை வைத்துத் தைத்து, சுவரை உள்நோக்கி அழுத்தி விழித்திரையோடு சேர்ப்பது ஒரு முறை. இளைஞர்களுக்குப் பெரும்பாலும் இது பொருந்தும். பட்டை வெளியே தெரியாது, அப்படியே இருந்துவிடும். இன்னொன்று விட்ரெக்டமி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மூன்று துளைகள் போட்டு, உள்ளே உள்ள ஜெல்லை எடுத்து, விழித்திரையை ஒட்டவைத்து, லேசர் போட்டு, வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புவார்கள். மேல்பக்கத்தில் சின்னக் கிழிசல் என்றால் வாயுக் குமிழியை மட்டும் ஊசியில் செலுத்தி முடிப்பதும் உண்டு. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கவைத்தே செய்கிறார்கள். பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே ஒட்டிவிடும். மற்றவர்களுக்கு இன்னொன்று தேவைப்படலாம். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், இரண்டாவது ஆபரேஷன் என்றதும் மனம் உடைந்து பாதியில் நிறுத்திவிட மாட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இங்கேதான் குடும்பம் முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். வாயு மேல்நோக்கி மிதக்கும். கிழிசல் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரும்படி தலையை வைத்தால்தான் குமிழி அதை அழுத்திப் பிடிக்கும். அதனால் சிலரைக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள், சிலரை ஒருக்களிக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. நாளெல்லாம் குனிந்தபடி இருப்பது பெரிய வேதனை. கழுத்து கடுக்கும், நெற்றி வலிக்கும். நெஞ்சுக்குக் கீழே தலையணை அடுக்கி, மேசையில் கைகளை மடக்கி நெற்றியைத் தாங்கி, மாற்றி மாற்றி இருக்கலாம். 'பாவம், கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்துக்கோங்கப்பா' என்று பாசத்தில் சொல்லிவிடாதீர்கள். மல்லாந்தால் குமிழி முன்பக்க லென்ஸில் போய் உட்காரும். புரை விழலாம், கண் அழுத்தம் ஏறலாம்.

கண்ணில் வாயு இருக்கும் வரை விமானம் கூடாது, மலை ஏறக் கூடாது. உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து உள்ளே வாயு விரியும். கண் அழுத்தம் எகிறிப் பார்வையே போகலாம். ஏற்காடு, வத்தல்மலை, சித்தேரி எதுவும் அப்போது வேண்டாம். நம் மாவட்டங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கிருஷ்ணகிரியைவிட ஓசூர் முந்நூறு மீட்டருக்கும் மேல் உயரம். சேலத்தைவிடத் தர்மபுரி மேடு, நடுவே தொப்பூர் கணவாய் வேறு. ஆபரேஷன் செய்த ஊரைவிட உங்கள் ஊர் மேட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே "எங்க ஊர் தேன்கனிக்கோட்டை, இப்பவே போகலாமா?" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எஸ்.எஃப்.6 வாயு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கரையும்; சி.3.எஃப்.8 ஆறு முதல் எட்டு வாரம் வரை இருக்கும். எது போட்டார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வேறு ஏதாவது ஆபரேஷன் வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் கண்ணில் வாயு இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுத்தால் குமிழி வேகமாகப் பெரிதாகும்.

வாயு இருக்கும்போது பார்வை மிக மங்கலாகத்தான் இருக்கும். குமிழி கரையக் கரைய மேல்பாதி முதலில் தெளியும், நடுவே ஒரு கோடு ஆடிக்கொண்டு தினமும் கீழே இறங்கும். அது சரியான போக்குதான். கடுமையான வலி, வாந்தி, திரும்பவும் நிழல், சிவந்து சீழ் கட்டுவது இவற்றில் எது வந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

சிலிக்கான் எண்ணெய் வைத்தவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. எண்ணெய் தானாகக் கரையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும். 'இப்போது தெரிகிறது, எதற்கு இன்னொரு செலவு' என்று விட்டுவிட்டால் புரையும் கண்நீர் அழுத்த நோயும் வந்து, காப்பாற்றிய கண் மறுபடி போகும். சிலருக்கு மட்டும் டாக்டரே எண்ணெயை விட்டுவைப்பார். அந்த முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

சுகர் உள்ளவர்களுக்கு விலகல் வேறு வழியில் வரும். விழித்திரையில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்களோடு நார் வளர்ந்து இழுத்துவிடும், மின்னல்கூட வெட்டாது. பார்வை நன்றாக இருக்கும்போதே வருடம் ஒருமுறை மருந்து விட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை.

ஒரு கண்ணில் விலகியவருக்கு மற்றக் கண்ணிலும் வர பத்தில் ஒருவர் வரை வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு மற்றதைக் காட்டாமல் வருகிறவர்கள் அதிகம். அடுத்த முறை போகும்போது இரண்டு கண்ணுக்கும் மருந்து விடச் சொல்லுங்கள். கிழிசலோ, கவலைப்பட வேண்டிய மெலிந்த இடமோ இருந்தால் லேசர் தேவையா என்று டாக்டர் சொல்வார். தடிமனான கண்ணாடி போட்ட அண்ணன் தம்பி, மகன் மகள் இருந்தால் அவர்களையும் அதே நாளில் கூட்டிப் போங்கள்.