கையடக்க ஸ்ட்ரீமிங் கருவி வாங்கும் முன் கட்டிலில் படுத்துப் பாருங்கள்

சோனியின் கையடக்க ஸ்ட்ரீமிங் கருவியான பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் ரவுட்டர் எந்த அறையில் இருக்கிறது?

இந்த வகைக் கருவிக்குள் கேம் ஓடுவதில்லை. அது ஓடுவது ஹாலில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலிலோ, மேசைக்கடியில் இருக்கும் கணினியிலோ, எங்கோ இருக்கும் சர்வரிலோதான். கையில் இருப்பது திரை, பட்டன், பாட்டரி, வைஃபை. அழுத்திய பட்டன் அங்கே போய், படம் வீடியோவாக இங்கே திரும்ப வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. போகவர நாலைந்து ஃபிரேம் நேரம் பிடித்தால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

அதனால் காசு போடும் முன் போனிலேயே சோதியுங்கள். பிஎஸ்5 என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் போய் ரிமோட் பிளேயை ஆன் செய்துவிட்டு, போனில் பிஎஸ் ரிமோட் பிளே செயலியைப் போடுங்கள். கணினி என்றால், கேமை வீடியோவாக அனுப்பும் சன்ஷைன் கணினியில், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் போனில், இரண்டும் இலவசம். கன்ட்ரோலரைப் போனோடு ப்ளூடூத்தில் இணைத்துக்கொண்டு, ரவுட்டர் பக்கத்தில் அல்ல, நிஜமாகவே எங்கே விளையாடப் போகிறீர்களோ அங்கே போங்கள். பெரும்பாலும் அது கட்டில்தான்.

மூன்லைட் செட்டிங்ஸில் ஸ்ட்ரீமிங் புள்ளிவிவரத்தைத் திரையில் காட்டும் வசதி உண்டு. நெட்வொர்க் தாமதம், அதன் ஏற்ற இறக்கம், வழியில் தொலைந்த ஃபிரேம்களின் சதவீதம் எல்லாம் அதில் வரும். நான் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை. எப்போதும் 10 மில்லிநொடி என்றால் விரல் பழகிக்கொள்ளும். ஒரு நிமிடம் 3, அடுத்த நிமிடம் 40 என்று குதித்தால் எந்த விரலும் பழகாது. என் படுக்கையறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர். தலையணைப் பக்கம் சாய்ந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். கால்மாட்டுக்கு மாறிப் படுத்தால் சீராகிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்குச் சுவர் என்றாலே ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அபார்ட்மென்ட்டில் அந்த அலைவரிசையில் எட்டு வீட்டு ரவுட்டர்கள் முட்டிக்கொண்டிருக்கும்.

சோதனை சொதப்பினால் முதல் வைத்தியம், கன்சோலையோ கணினியையோ லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைப்பது. இரண்டு பக்கமும் வைஃபை என்றால் ஒரே வீடியோ காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. அப்புறம் படத்தின் தெளிவை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். கைக்குள் அடங்கும் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வைஃபை சிக்னலை நீட்டும் மலிவு ரிப்பீட்டர் வாங்கி மாட்டுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சிக்னல் கோடு கூடும், தாமதமும் கூடும்.

சோதனையில் தேறிவிட்டால் லாபங்கள் நிஜமானவை. இந்தியாவில் ரூ.18,990-க்கு வந்த போர்ட்டலில் 8 அங்குலத் திரையும், பிஎஸ்5 கன்ட்ரோலரான டுயல்சென்ஸின் அதிர்வும், இறுகும் ட்ரிகரும் அப்படியே உண்டு. டிவியில் சீரியல் ஓடட்டும், நீங்கள் உள்ளே ஆடலாம். கனமான வேலை வேறு இடத்தில் நடப்பதால் கருவி சூடாகாது, பாட்டரியும் நின்று பேசும். 2022-இல் வந்த இதே வகைக் கருவியான லாஜிடெக் ஜி கிளவுடுக்கு 12 மணி நேரம் என்றது நிறுவனம். வீட்டு ரவுட்டருக்குள்ளேயே வீடியோ போய்வருவதால் இன்டர்நெட் டேட்டாவும் கரையாது.

வெளியே போனால் கதையே வேறு. 15 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் ஏறக்குறைய 6.75 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜ் பதினெட்டு நிமிடம்கூடத் தாங்காது. ரயிலில் ஆடத்தான் கருவி தேடுகிறீர்கள் என்றால் இந்த வகையே வேண்டாம். ஸ்டீம் டெக் மாதிரி கேமைத் தானே ஓட்டுகிற ஒன்றுக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள். அது வீட்டில் ஸ்ட்ரீமிங்கும் செய்யும்.

போர்ட்டலில் எனக்கு எரிச்சல், ப்ளூடூத் இல்லாதது. உங்களிடம் இருக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸ் அதில் சேராது, 3.5 மிமீ வயர் ஹெட்போனோ, சோனியின் பிளேஸ்டேஷன் லிங்க் ஹெட்செட்டோதான் கைகொடுக்கும். கன்சோல் இல்லாமல் கிளவுடில், அதாவது சோனியின் சர்வரிலேயே, ஆட பிஎஸ் பிளஸ் பிரீமியம் என்ற சந்தா வேண்டும்; இந்தியாவில் விற்பதோ டீலக்ஸ், அதில் அந்த வசதி கிடையாது. முழுக்க கிளவுடையே நம்புவதிலும் எனக்குத் தயக்கம்தான். கூகுளே தன் கிளவுட் கேம் சேவையான ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடிவிட்டது.

போன் நல்லதாக இருந்தால் தனிக்கருவியே வேண்டாம் என்பது என் கட்சி. போனை நடுவில் செருகும் கன்ட்ரோலர் ஒன்று போதும். போன் அழைப்பு வந்தால் ஆட்டம் தடைபடும் என்பது உண்மைதான். ஆனால் முறை வைத்து ஆடும் கேம், பண்ணை கேம், கதை கேம் எல்லாம் அதில் ஜோராக ஓடும். சண்டை கேம் வெறியர்கள் மட்டும் டிவி முன்னாலேயே உட்காருங்கள்.