கோஜீட்டாவாக மூன்று சிறிய அடிகள்

‘டிராகன் பால்’ என்ற ஜப்பானிய அனிமே கதையின் வீரர்களான கோக்குவும் வெஜிட்டாவும் கோஜீட்டா என்ற ஒரே வீரனாக இணையும் நடனத்தை ஆட ஆசைப்படும் இருவர், முதலில் ‘வலது’, ‘இடது’ என்ற சொற்களை விட்டுவிட வேண்டும். என் மகனுக்கும் தம்பி மகளுக்கும் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தும் வராத நடனம், அந்த இரண்டு சொற்களை நான் கைவிட்ட மாலையில் வந்தது. இருவரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். அசைவோ கண்ணாடியில் தெரிவதுபோல் எதிரெதிராக இருக்க வேண்டும். ஒருவருக்கு வலது என்றால் மற்றவருக்கு இடது. அதனால் கூட்டாளியின் பக்கம் உள்ளவை உள்கை, உள்கால். மறுபக்கம் உள்ளவை வெளிக்கை, வெளிக்கால். இப்படிச் சொல்லிப் பழகினால் ஒரே கட்டளை இருவருக்கும் பொருந்தும்.

அடுத்து, நடனத்தைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் ஒரு நேர்கோடு போட்டேன். இருவரையும் கடைசி நிலையில் நிற்க வைத்தேன்: உள்முழங்கால் மடங்கி, வெளிக்கால் விறைப்பாக நீண்டு, உடல் ஒருவரை நோக்கி ஒருவர் வில்லாகச் சாய்ந்து, ஆள்காட்டி விரல்களின் நுனிகள் தொட்டுக்கொள்ள வேண்டும். அப்போது பாதங்கள் இருந்த இடத்தைக் குறித்துவிட்டு, அங்கிருந்து மூன்று சிறிய அடி வெளியே நகரச் சொல்லி, அங்கேயும் குறித்தேன். இந்த இரண்டாவது குறிதான் ஆட்டம் தொடங்கும் இடம். இதைச் செய்யாமல் தொடங்கினால் விரல்கள் சேராது, அல்லது தலைகள் மோதிக்கொள்ளும்.

இனி ஆட்டம். இரு கைகளையும் கூட்டாளிக்கு எதிர்ப்பக்கமாக, தோள் உயரத்தில் நீட்டி நில்லுங்கள். இணைவு என்று பொருள்படும் ‘ஃப்யூஜன்’ என்ற சொல்லைப் பிரித்து, ‘ஃப்யூ’ என்று இழுத்துச் சொல்லியபடி மூன்று அடி நெருங்க வேண்டும். அதற்குள் கைகள் தலைக்கு மேலே அரைவட்டம் போட்டு உள்பக்கம் வந்துவிட வேண்டும். ‘ஜன்’ என்னும்போது விரல்களை மடக்கி, கைகளைச் சட்டென்று வெளிப்பக்கம் வீசி, ஒரு முழங்காலைத் தூக்குங்கள். ‘ஹா’ என்றதும் கடைசி நிலை.

பெரும்பாலும் தவறு நேர்வது ‘ஜன்’னுக்கும் ‘ஹா’வுக்கும் இடையில்தான். மடக்கிய விரல்களில் ஆள்காட்டி விரல் மட்டும் மறுபடி நீள வேண்டும். 1995இல் வந்த திரைப்படத்தில், ஜனெம்பா என்ற வில்லனை எதிர்க்க இணைந்த முதல் முயற்சியில் வெஜிட்டா விரலை நீட்டவில்லை. பிறந்தது தொந்தியும் மூச்சிரைப்பும் கொண்ட வெக்கு. கதையின் விதிப்படி இணைவு 30 நிமிடம் நீடிக்கும். தவறாக இணைந்தாலும் அந்த 30 நிமிடம் கழியும்வரை பிரிய முடியாது. 2018இல் வந்த படத்தில் இணைவு ஒருமுறை குண்டாகவும் ஒருமுறை ஒல்லியாகவும் தவறிப்போய், மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. எனவே முதல் இரண்டு முறை தவறினால் குழந்தைகளைத் திட்டாதீர்கள். “பெரியப்பா, நான் நீட்டினேன், அவன்தான் மடக்கிவிட்டான்” என்று என் தம்பி மகள் கண் கலங்கியபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். அவளே போய் அவன் விரலைப் பிடித்து நேராக்கினாள்.

உயரம் கொஞ்சம் மாறினால் கவலை வேண்டாம். கோக்கு 175 செ.மீ., வெஜிட்டா 164. உயரமானவர் முழங்காலைச் சற்றுக் கூடுதலாக மடக்கி, அடிகளைச் சிறிதாக வைத்தால் போதும். ஆற்றலும் சமமாக இருக்க வேண்டும் என்பது கதையின் விதி. வலுவானவர் தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறார். நமக்கு அது குரல். சத்தமாகக் கத்துபவர் கூட்டாளியின் குரல் காதில் விழும் அளவுக்குத் தன் குரலைத் தாழ்த்தட்டும். கால்களின் தாளமும் தானாகச் சேரும்.

பொட்டாரா காதணிகளை ஆளுக்கொன்று அணிந்தாலும் இருவரும் இணையலாம். இதே இருவரும் இணைந்த வெஜிட்டோ என்ற வீரன் அப்படித்தான் பிறந்தான். அதற்கு ஒத்திகை தேவையில்லை. எனக்கு கோஜீட்டாவைத்தான் பிடிக்கும். இந்த நிலைகள் மானக்கேடு என்று கூசிய வெஜிட்டா, தன் போட்டியாளன் பக்கத்தில் நின்று அதே அடிகளை அதே அளவில் வைக்கிறான். அந்தக் கூச்சம் உங்களுக்கும் வரும். பாதிக் கூச்சத்தோடு ஆடினால் வெளிக்கால் தளர்ந்துவிடும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். முதல் நாள் யாரும் பார்க்காத இடத்தில் ஆடுங்கள்.

புகைப்படம் எடுப்பதானால் கைபேசியை இடுப்பு உயரத்தில், சுண்ணக்கட்டிக் கோட்டின் நடுப்புள்ளிக்கு நேரே வையுங்கள். ‘ஹா’ சொன்ன பிறகு மூன்று எண்ணும்வரை அசையாமல் நில்லுங்கள். விரல் நுனிகள் தொட மட்டும் வேண்டும். அழுத்தினால் இருவரும் சாய்ந்துவிடுவீர்கள்.