கோட்டுப் படத்திலிருந்து கட்டட முகப்புக்கு: செயற்கை நுண்ணறிவுடன் முதல் பயிற்சி

மனதில் தோன்றிய ஒரு முகப்பை மற்றவர்கள் கண்ணால் பார்க்கும்படி படமாக்கிக் காட்டுவதற்கு, கட்டடக் கலைஞர்கள் முன்பெல்லாம் நாட்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. 2022-ஆம் ஆண்டின் நடுவில், சொற்களைப் படமாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான மிட்ஜர்னி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டு, அதையடுத்து ஆகஸ்டில் அதேபோன்ற ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானதும் அந்த உழைப்பு நிமிடங்களாகச் சுருங்கியது. தம் நிறுவனத்தின் பெரும்பாலான திட்டங்களில் இத்தகைய படங்களைப் பயன்படுத்துவதாக ஜஹா ஹதீத் கட்டடக்கலை நிறுவனத்தின் தலைவர் பாட்ரிக் ஷூமாகர் 2023-இல் வெளிப்படையாகவே சொன்னார். இந்த வேகம் நமக்கு உண்மையில் பயன்பட வேண்டுமானால், படத்தை இயந்திரத்திடம் கேட்பதற்கு முன்பும் கேட்டு வாங்கிய பின்பும் நம் கை செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. இந்தப் பயிற்சி அவற்றைப் பற்றியது.

படி 1: முதலில் நீங்களே வரையுங்கள்

நான்கு மாடிகள், மாடிக்கு 3.3 மீட்டர் உயரம், 4 மீட்டர் அகலத்தில் ஆறு பகுதிகள் என்று ஓர் எளிய கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். முகப்பு 24 மீட்டர் அகலமும் 13.2 மீட்டர் உயரமும் இருக்கும். இதை 1024-க்கு 576 பிக்சல் அளவுள்ள வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளால் வரையுங்கள். ஒரு பிக்சலை 2.5 சென்டிமீட்டராகக் கொண்டால் கட்டடத்தின் அகலம் 960 பிக்சல், உயரம் 528 பிக்சல், ஒரு பகுதி 160 பிக்சல், ஒரு மாடி 132 பிக்சல் என்று எல்லாம் முழு எண்களாக அமையும். பக்கங்களிலும் மேலேயும் சிறிது வானத்துக்கும் இடம் கிடைக்கும். தளக் கோடு, தூண் கோடு, ஜன்னல் திறப்பு ஆகிய மூன்றையும் மட்டும் வரைந்தால் போதும். அலங்காரம் எதுவும் இப்போது வேண்டாம்.

இந்தக் கணக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டிஃப்யூஷன் மாதிரி, தலைப்புகளுடன் கூடிய ஏராளமான படங்களில் பயின்று, வெறும் இரைச்சலைச் சிறிது சிறிதாக நீக்கி ஒரு படத்தைக் கண்டெடுக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் இந்த வேலையைப் பிக்சல்களில் நேரடியாகச் செய்யாமல், நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய ஒரு தளத்தில் செய்கிறது. நம் படத்தில் அத்தளத்தின் ஒரு கட்டம் என்பது 8 பிக்சல், அதாவது 20 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள, வெயிலைத் தடுக்கும் ஒரு லூவர் பலகைக்குப் படத்தில் கிடைப்பதே இரண்டு பிக்சல்தான். அந்த இரண்டு பிக்சலில் தெரியும் நுணுக்கத்தை அளவாக எண்ணி நம்பிவிடக் கூடாது.

படி 2: கோட்டைப் பிடிமானமாகக் கொடுங்கள்

ஸ்டேபிள் டிஃப்யூஷனுடன் இணைத்துப் பயன்படுத்தும்படி 2023-இல் வெளிவந்த கண்ட்ரோல்நெட் என்ற முறை, நம் கோட்டுப் படத்தை மீறாமல் படம் உருவாக்க வழிசெய்கிறது. கோட்டுப் படத்தை அதில் ஏற்றி, பிடிமானத்தின் அளவை 1-இல் தொடங்குங்கள். விளைவு விறைப்பாகத் தோன்றினால் 0.6 வரை இறக்கிப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் ஜன்னல்கள் இடம் மாறத் தொடங்கலாம்.

படி 3: சொற்களைத் தேர்ந்து எழுதுங்கள்

இம்மாதிரிகளின் சொல்லறிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்றது என்பதால் கட்டளையை ஆங்கிலத்தில் எழுதுவதே பலன் தரும். எந்தப் பொருள், எந்தத் திசையிலிருந்து வெயில், எவ்வளவு ஆழமான ஜன்னல் குழிவு, எங்கிருந்து பார்க்கிறோம் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். ‘நேர் எதிரிலிருந்து பார்த்த முகப்பு, செங்குத்தான சுடுமண் பலகைகள், ஆழமாக உள்வாங்கிய ஜன்னல்கள், இடப்புறத்திலிருந்து காலை வெயில்’ என்ற பொருள்பட எழுதினால் அது நல்ல தொடக்கம். ‘அழகான’, ‘நவீனமான’ போன்ற சொற்கள், எங்கும் பார்த்துச் சலித்த கண்ணாடிக் கட்டடத்தையே மறுபடியும் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

பிறகு, படம் எந்த இரைச்சலிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை நிலையாகப் பூட்டிவிட்டு, ஒரு முறைக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். சுடுமண்ணை மரமாக்கினால் என்ன ஆகிறது, குழிவை ஆழமாக்கினால் நிழல் எப்படி விழுகிறது என்பதை அப்போதுதான் ஒப்பிட முடியும். எண்ணைப் பூட்டாமல் நூறு படம் எடுப்பவரைவிட, பூட்டி எட்டுப் படம் எடுப்பவர் அதிகம் கற்றுக்கொள்கிறார் என்பது என் உறுதியான கருத்து.

படி 4: படத்தைப் பெரிதாக்கி எண்ணுங்கள்

பிடித்த படம் ஒன்றை நான்கு மடங்கு பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து பொறுமையாகப் படியுங்கள். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலுக்கு ஒன்பது லூவர்கள் இருக்கும். அதற்கு நேர் மேலே பதினொன்று இருக்கும். கட்டடத்தின் விளிம்பில் இரண்டு பலகைகள் மெழுகுபோல ஒன்றோடொன்று கலந்திருக்கும். ஒரு நிழல் வலப்புறமும் இன்னொன்று இடப்புறமும் சாய்ந்திருக்கும். முகப்பு எப்படித் தோன்றும் என்பது மாதிரிக்குத் தெரியும். அது எதன் மேல் தொங்குகிறது என்பது தெரியாது.

ஆகவே படத்திலிருந்து ஒரே ஒரு பகுதியை, அதாவது 4 மீட்டர் அகலமும் ஒரு மாடி உயரமும் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து, 1:20 அளவில் வெட்டுத்தோற்றமாக வரையுங்கள். பலகை எந்தச் சட்டத்தில் நிற்கிறது, சட்டம் தளத்தின் விளிம்பில் எப்படிப் பிடிக்கப்படுகிறது, மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வரைபடம் விடை சொல்ல வேண்டும்.

படி 5: வெயிலைக் கணக்கிடுங்கள்

லண்டனில் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் என்ற உயர்ந்த கட்டடத்தின் தெற்குப் பக்கம் உட்குழிந்த கண்ணாடியாக அமைந்திருந்ததால், 2013-இல் அது சூரிய ஒளியைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கிவிட்டது. பிறகு அந்த முகப்பின் மேல் நிழல் தடுப்புகளைப் பொருத்த நேர்ந்தது. படத்தில் கண்ணைக் கவரும் வளைவு வெயிலில் என்ன செய்யும் என்பதைப் படமே காட்டாது.

தொடக்கத்துக்கு ஒரு சிறு கணக்குப் போதும். நண்பகலில் சூரியனின் உயரக் கோணம், 90-இலிருந்து அட்சரேகையைக் கழித்து, அன்று சூரியன் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே விலகியிருக்கும் கோணமான சூரியச் சாய்வைக் கூட்டினால் கிடைக்கும். வட அட்சரேகை 30 பாகையில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் அது 60 பாகை. 1.5 மீட்டர் உயரமுள்ள தெற்கு ஜன்னலை அந்நேரத்தில் முழுதும் நிழலில் வைக்க அதன் மேலுள்ள சன்ஷேட் எவ்வளவு நீள வேண்டும் என்று அறிய, 1.5-ஐ 60 பாகையின் டேன்ஜென்ட்டால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.87 மீட்டர். நேர் எதிரிலிருந்து பார்த்த படத்தில் சன்ஷேட் எவ்வளவு முன்னே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அளக்க முடியாது. கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்ந்து வருவதால் இக்கணக்கு உதவாது. அங்கே செங்குத்துத் தடுப்புகள் தேவை. கை பழகியதும் ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளின் கிராஸ்ஹாப்பர் பகுதியில், வெயிலைக் கணக்கிடும் லேடிபக் கருவியைச் சேர்த்து, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் இதையே சோதிக்கலாம்.

படி 6: பொருளின் உள்ளே பாருங்கள்

2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் உயிரிழந்தனர். தீ வேகமாகப் பரவ முதன்மைக் காரணமாக இருந்தது, வெளியே போர்த்தப்பட்டிருந்த அலுமினியப் பலகைகளின் நடுவில் இருந்த பாலிஎத்திலின். எரியாத கனிமப் பொருளை நடுவில் வைத்த பலகையும் அதுவும் படத்தில் ஒரே மாதிரி மின்னும். எனவே படத்தில் தெரியும் ஒவ்வொரு பொருளுக்கும் தீச் சோதனைச் சான்று, எடை, தடிமன், துடைத்துப் பராமரிக்கும் வழி ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, விடை கிடைக்காத பொருளை நீக்கிவிடுங்கள்.

படி 7: திருத்திய கோட்டை மறுபடி ஏற்றுங்கள்

0.87 மீட்டர் சன்ஷேட், ஒரே எண்ணிக்கையிலான லூவர்கள், மாற்றிய பலகை ஆகியவற்றுடன் முகப்பை மீண்டும் வரைந்து, அதே சீட் எண்ணிலும் அதே சொற்களிலும் இரண்டாவது படத்தை எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, சீட் எண்ணையும் பிடிமான அளவையும் கட்டளையையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த மாதம் யாராவது ஒரு ஜன்னலை மாற்றச் சொல்லும்போது இங்கிருந்தே தொடங்கலாம்.